குஞ்சுத் தீவனமும் சத்து டப்பாக்களும்: வேலூர் பக்கக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஒரு லட்சம் கெண்டை நுண்மீன் குஞ்சுகளை மொத்தமாக நிறுத்தால் சுமார் 140 கிராம் வரும். ஒவ்வொன்றும் 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம். முட்டையிலிருந்து வெளிவந்து மூன்றாம் நாள், வயிற்றோடு ஒட்டியிருந்த கருவுணவு தீர்ந்து வாய் திறந்த கையோடு, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் வந்து இறங்குகின்றன. இவற்றுக்கென்று வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆரணி பக்கத்துத் தீவனக் கடைகளிலும் வண்ணமீன் கடைகளிலும் கேட்டால் காட்டும் சரக்கு ஏராளம்: கடலைப் புண்ணாக்கும் தவிடும், கம்பெனி ஸ்டார்ட்டர் தூள், ஆர்டிமியா (உப்புநீரில் வாழும் சிற்றிறால் வகை) டப்பா, ஸ்பைருலினா என்ற பாசித் தூள், வைட்டமின்–தாது கலவை, புரோபயாட்டிக், ஈஸ்ட், மீன் எண்ணெய், லிவர் டானிக். இங்கே எடைபோடுவது பிராண்டை அல்ல, வகையை. பிராண்டு கடைக்குக் கடை மாறும். ஒரே பிராண்டிலும் மூட்டைக்கு மூட்டை மாறும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சு வளர்வதையும் சாவதையும் தீர்மானிப்பது தூளின் நுண்மையும் சரக்கின் புதுசும்தான். அதற்கும் முன்னால், குட்டையில் ஏற்கெனவே உயிர்த் தீனி இருக்கிறதா என்பது. மேலட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்த புரதச் சதவீதம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். சத்து டப்பாக்களில் காசு போடத் தகுந்தவை ஒன்றிரண்டு உண்டு. மிச்சத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

இந்த வயதுக் குடல்

கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை எல்லாம் இரைப்பையே இல்லாத மீன்கள். பெரிதான பிறகும் இரைப்பை வருவதில்லை, அதனால் குடலில் அமிலச் செரிமானமும் கிடையாது. குஞ்சாக இருக்கும்போது குடல் ஒரு நேர்க்குழாய், செரிமான நொதிகளும் சொற்பம். ரோட்டிஃபர், மொய்னா போன்ற மிதவை உயிரிகளின் உடலில் புரதத்தின் ஒரு பங்கு தனி அமினோ அமிலங்களாகவே இருக்கிறது, பெரும்பகுதி தண்ணீர், மென்மையாகவும் இருக்கும். போதாக்குறைக்கு அவை அசைகின்றன. அசைவதைத்தான் குஞ்சு முதலில் பிடிக்கும். உலர் தூளில் இந்த வசதி எதுவும் இல்லை. அதை மட்டும் போட்டு வளர்த்த தொட்டியில் குஞ்சுகள் தலை பெருத்து உடல் சூம்பி நிற்பதற்கு இதுதான் காரணம். தீவனத்தில் புரதம் குறைவு என்று நினைத்து இன்னும் விலை உயர்ந்த பையை வாங்குவதில் பலனில்லை.

வாயின் அளவு அடுத்த கட்டுப்பாடு. முதல் வாரத்தில் 100 முதல் 200 மைக்ரான் துகள்தான் விழுங்க வசதி (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கடையில் மைக்ரான் கணக்கு தெரியாவிட்டால் சல்லடை எண்ணைக் கேட்கலாம்: 100 எண் சல்லடையில் இறங்குவது 150 மைக்ரானுக்குள், 80 எண் என்றால் சுமார் 180, 60 எண் என்றால் 250. மைதா மாவு கையில் எப்படி ஒட்டுமோ அந்த அளவுக்கு இருக்க வேண்டும். ரவைபோல் விரலில் உருண்டால் அது இந்த வயதுக்கு ஆகாது.

கடலைப் புண்ணாக்கும் தவிடும்

வட ஆற்காட்டில் இந்தக் கூட்டுக்கு மாற்று தேட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. கடலை விளையும் மண், செக்கும் ஆயில் மில்லும் பக்கத்தில், ஆரணிப் பக்கம் ரைஸ்மில்கள். சம எடையில் கலந்தால் புரதம் 26 முதல் 28 சதவீதம் நிற்கும் (புண்ணாக்கில் 40 முதல் 45, தவிட்டில் 12, 13). குஞ்சுக்குத் தேவை 40ஐ ஒட்டி இருக்கிறதே என்று கேட்பார்கள். மண் குட்டையில் அந்த இடைவெளியை மிதவை உயிரிகள் நிரப்பிவிடும். புண்ணாக்குப் புரதத்தில் மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு என்பதற்கும் அதே பதில்தான்.

அளவு: ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் 5 நாள் நாளொன்றுக்கு 600 கிராம், அதன்பின் 1.2 கிலோ, காலை மாலை இரண்டாகப் பிரித்து. வலை போட்டுப் பிடிப்பதற்கு முந்தின நாள் தீனி கிடையாது. உடல் எடையைப்போல நான்கு மடங்கு தீனியா என்று திகைக்க வேண்டாம். பாதிக்குமேல் குஞ்சின் வாய்க்குப் போவதில்லை, தண்ணீரில் கரைந்து மிதவை உயிரிகளுக்கு உரமாகிறது. அப்படித்தான் இந்தக் கணக்கே போடப்பட்டிருக்கிறது. இதே அளவை சிமென்ட் தொட்டியில் கொட்டினால் இரண்டாம் நாள் தண்ணீர் நாறும்.

புண்ணாக்கை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மாவு மில்லில் அரைத்து, முதல் 5 நாளுக்கானதை 100 எண் சல்லடையிலும் அடுத்ததை 60 எண்ணிலும் சலிக்க வேண்டும். உலர்ந்த தூளை அப்படியே வீசினால் காற்று ஒரு ஓரமாக ஒதுக்கிவிடும், கட்டியாக மிதக்கும். இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கரைசலாக்கி, காற்று வரும் திசையிலிருந்து கரையோரமாகத் தெளிப்பதே முறை. இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கம் உரத்துக்குச் சரி, தீனிக்குச் சரியில்லை. இந்த ஊர் வெக்கையில் விடிவதற்குள் புளித்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பூஞ்சை. புண்ணாக்கு வில்லையை உடைத்து உள்பக்கம் பார்க்க வேண்டும், வெளிப்பக்கம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மடிப்பில் பச்சையோ சாம்பலோ படிந்திருந்தாலும், முகர்ந்தால் ஈரச் சுவர் வாடை வந்தாலும் வேண்டாம். கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. அரைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. குஞ்சில் உடனே சாவு தெரியாது, ஈரல் கெட்டு வளர்ச்சி நின்று, அளவு ஒன்றுபோல் இல்லாமல் போகும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதல், குஞ்சு விரும்பும், ஆனால் சிக்கு வாடை சீக்கிரம் பிடிக்கும். பதினைந்து நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மில் புண்ணாக்கு மேல்.

தவிட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பச்சரிசித் தவிட்டில் எண்ணெயைச் சிதைக்கும் நொதி உயிரோடு இருப்பதால் அரைத்த சில நாளிலேயே கசப்பும் காரலும் ஏறும். புழுங்கலரிசித் தவிட்டில் நெல் வேகும்போதே அந்த நொதி செத்துவிடுகிறது. எண்ணெயும் சற்று அதிகம். எனவே ரைஸ்மில்லில் கேட்க வேண்டியது புழுங்கல் தவிடு, அதுவும் உமித்தூள் கலக்காதது. எண்ணெய் எடுத்த தவிடு நாள்பட நிற்கும், ஆனால் கொழுப்பு இல்லை. குஞ்சுக்கு அது இரண்டாம் தேர்வுதான்.

குட்டைத் தயாரிப்பைத் தீவன மதிப்பீட்டில் சேர்க்கலாமா என்றால், சேர்த்தே ஆக வேண்டும். ஐந்து சென்ட் மண் குட்டையில், ஒரு மீட்டர் தண்ணீரில், ஒரு லட்சம் குஞ்சு விடலாம். விடுவதற்கு மூன்று வாரம் முன்பு இலுப்பைப் புண்ணாக்கு 50 கிலோ போட்டால் பழைய மீன், தவளைத் தலைப்பிரட்டை எல்லாம் ஒழிந்து, பிறகு அதுவே உரமாகும். அடுத்து கடலைப் புண்ணாக்கு 15 கிலோ, சாணம் 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ. மூன்றையும் ஊறவைத்துக் கூழாக்கி, பாதியைக் குஞ்சு விட இரண்டு மூன்று நாள் முன்னும் மீதியைப் பிற்பாடு இரண்டு மூன்று தவணையாகவும் ஊற்ற வேண்டும். 50 லிட்டர் தண்ணீரை நுண்வலைத் துணியில் வடித்தால் அடியில் 1 முதல் 2 மில்லிலிட்டர் மிதவை உயிரி தேற வேண்டும். தேறாவிட்டால் குஞ்சு வாங்கும் தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது. நீர்ப்பூச்சிகளை மறந்தால் எந்தத் தீவனமும் குஞ்சுக்குப் போய்ச் சேராது. குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு, காற்று இல்லாத வேளையில், மலிவான எண்ணெய் 1.1 கிலோவையும் துணி சோப்பு 350 கிராமையும் கரைத்துப் பரப்பினால், மூச்சு வாங்க மேலே வரும் பூச்சிகள் மடியும்.

இந்த வகைக்கு எங்கள் தீர்ப்பு: மண் குட்டைக்கு முதலிடம். சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டைக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் அங்கே மண் இல்லை, இயற்கைத் தீனி மெதுவாகத்தான் ஏறும்.

கம்பெனி ஸ்டார்ட்டர் தூள்

பையில் 40 சதவீதப் புரதம், 6 முதல் 8 சதவீதக் கொழுப்பு என்று இருக்கும். காகிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை துகளில். "ஸ்டார்ட்டர்" என்று எழுதிய பல பைகளுக்குள் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நொறுவல்தான் இருக்கிறது. அது சற்று வளர்ந்த இளமீன் குஞ்சுக்கானது, நுண்குஞ்சுக்கு ஆகாது. அதை வீட்டு மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். அரைக்கும்போது துகளைப் பிணைத்திருக்கும் பசை உடைகிறது. தண்ணீரில் விழுந்த சில நிமிடத்தில் வைட்டமின்கள் கரைந்து போகின்றன. விலை கொடுத்து வாங்கிய சத்து குட்டைக்கு உரமாகிறது.

சோதிக்க எளிய வழி: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூவி 15 நிமிடம் விட வேண்டும். நல்ல தூள் ஒரு பங்கு மிதந்து, ஒரு பங்கு மெல்ல இறங்கி, தண்ணீரைப் பெரிதாகக் கலக்காமல் இருக்கும். தண்ணீர் பால்போல் மாறினால் பசை போதவில்லை. எல்லாம் ஒரே அடியாய்த் தரைக்குப் போனால் மேல்மட்டத்தில் மேயும் கட்லாக் குஞ்சுக்கு அது எட்டாது.

புரத எண்ணை முழுசாக நம்பாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் கச்சாப் புரதம் என்கிறார்கள். யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும், குஞ்சுக்குச் செரிக்காத தோல், முடி, கொம்புத் தூளிலும் ஏறும். தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த பகுதி இது. பதனிட்ட தோலில் குரோமியம் இருக்கும். பெயர், தயாரிப்புத் தேதி, உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லாத பையில் மலிவாக வரும் "புரோட்டீன் மீல்" எந்த வயது மீனுக்கும் வேண்டாம்.

நல்ல தூள் கிடைத்தால் எங்கே போடுவது? சிமென்ட் தொட்டியிலும் சில்பாலின் குட்டையிலும் முதல் நாளிலிருந்தே, ஆனால் உயிர்த் தீனியோடு சேர்த்து. மண் குட்டையில் ஆறாம் நாளிலிருந்து புண்ணாக்கு–தவிட்டில் பாதியைக் கழித்துவிட்டு அந்த இடத்தில். நாளுக்கு இரண்டு வேளை போதாது. குடலின் நீளம் குறைவு, சேமிக்க இரைப்பை இல்லை. ஆறு வேளை, எட்டு வேளை என்று கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்வதுபோல் போட வேண்டும். இதற்கு ஆள் இல்லாத பண்ணையில் விலை உயர்ந்த தூள் வீண் செலவு.

ஆர்டிமியா

வண்ணமீன் கடைகளில் 425 அல்லது 454 கிராம் டப்பாவில் கிடைப்பது உலர்ந்த ஆர்டிமியா முட்டை. நல்ல தரத்தில் ஒரு கிராமுக்கு இரண்டரை லட்சம் குஞ்சாவது பொரியும். டப்பாவில் பொரிப்பு 90 சதவீதம் என்றிருக்கும். ஆனால் கடையில் திறந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் அந்தக் கணக்கு நிற்காது. காற்றில் இருக்கும் ஈரத்தை முட்டை உறிஞ்சிவிட்டால் பொரிக்கும் சக்தி இறங்கும். சீல் உடைக்காத டப்பாவாக வாங்கி, திறந்ததைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைப்பதே ஒரே வழி.

பொரிக்க, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 2 கிராமுக்கு மேற்படாத முட்டை, கவிழ்த்த பாட்டிலின் அடிமுனையிலிருந்து வேகமான காற்று, மேலே விளக்கு, 26 முதல் 30 டிகிரி வெப்பம். 24 மணி நேரம். கார அமிலக் குறியீடு (pH) 8க்குக் குறையாமல் இருக்கச் சோடா உப்பு சேர்க்கச் சொல்வார்கள். வேலூர்ப் பக்கத்துக் கடினமான கிணற்றுத் தண்ணீரில் அது பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே சிக்கல் சித்திரை, வைகாசி வெயில்தான். தகரக் கொட்டகைக்குள் பாட்டில் தண்ணீர் 33ஐத் தாண்டினால் பொரிப்பு சரியும். பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும்.

எடுக்கும்போது காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடு மேலே ஒதுங்கும், குஞ்சு அடியில் வெளிச்சம் உள்ள பக்கம் சேரும். குழாய் வைத்து அடியிலிருந்து மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் மீன்குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரிந்த சுமார் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுச் சத்து. அதன்பின் தன் கருவுணவைத் தானே எரித்து, அளவிலும் பெருத்துவிடும். நன்னீரில் சில மணி நேரமே உயிரோடிருக்கும் என்பதால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது.

கணக்குப் பார்த்தால், ஒரு குஞ்சுக்கு நாளுக்கு 50 முதல் 100 ஆர்டிமியா என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்கு 20 முதல் 40 கிராம் முட்டை தேவை. டப்பா பத்து இருபது நாளில் தீரும். கட்லா, ரோகு விற்கும் விலைக்கு இது கட்டுப்படியாகாது. மேலும் பொரிந்த ஆர்டிமியா அரை மில்லிமீட்டரை ஒட்டிய அளவு, அந்த மீன்களுக்குச் சில நாள் கழித்தே வாய்க்கு அடங்கும். கோய், தங்கமீன் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம், அந்தக் குஞ்சுகள் முதல் தீனியாகவே இதைப் பிடிக்கும். விராலுக்கும் வாங்கலாம். விரால் குஞ்சு உயிர்த் தீனியிலிருந்து தூளுக்கு மாற நாள் பிடிக்கும். அதற்குள் பசித்தால் ஒன்றையொன்று தின்னும், அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடு நீக்கிய ஆர்டிமியா முட்டை என்று தனியாக விற்பது பொரிக்காது, நேரே தூவும் தீனி. 200 முதல் 250 மைக்ரான் அளவு, ஓடு அடைக்கும் பயமில்லை. ஆனால் அசையாது, சீக்கிரம் அடியில் போய்விடும். உயிர்த் தீனி தீர்ந்த நாளுக்குக் கைகொடுக்கும் சரக்கு என்ற அளவில் நல்லது.

இதைவிட மலிவு மொய்னா. நிழலில் ஒரு தொட்டி, நூறு லிட்டருக்கு 2, 3 கிராம் ரொட்டி ஈஸ்ட், கொஞ்சம் தாய் மொய்னா. ஐந்து முதல் ஏழு நாளில் உச்சம். தினமும் கால்பங்கு வடித்துக்கொண்டிருந்தால் தொடரும், வடிக்காமல் விட்டால் ஒரே இரவில் சரியும். ஈஸ்ட் கூடினால் தண்ணீர் அழுகும்.

வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுப்பது பழைய வழி. முதல் இரண்டு மூன்று நாள் தொட்டிக்கு ஆகும். லட்சம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு ஒரு கருவுக்கு மேல் வேண்டாம். தண்ணீரை இதைவிட வேகமாகக் கெடுக்கும் தீனி வேறில்லை.

சத்து டப்பாக்கள்

வைட்டமின் சி: வாங்கலாம், வடிவம் பார்த்து. குறைந்தால் முதுகெலும்பு வளையும், செவுள் மூடி குட்டையாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதா அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் காற்றிலும் சிதைந்து, தண்ணீரில் பட்டதும் கரைந்துவிடும். தூளின் மேல் தூவிக் கொடுத்தால் குஞ்சுக்கு எட்டுவது அற்பம். அஸ்கார்பேட் பாஸ்பேட் என்று லேபிளில் இருப்பதுதான் நிலைத்து நிற்கும். விலை அதிகம், தேவை கொஞ்சம். மண் குட்டையில் மிதவை உயிரி நன்றாக இருந்தால் இதுவும் வேண்டாம்.

தாது கலவை: கால்நடைக் கடையில் மாட்டுக்கு விற்கும் கலவையை மீனுக்கும் தருகிறார்கள். கால்சியத்தை மீன் தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும், நம் கிணற்றுத் தண்ணீரில் அதற்குப் பஞ்சமில்லை. தீவனத்தில் தர வேண்டியது பாஸ்பரஸ். இங்கேதான் இரைப்பை இல்லாதது மறுபடி குறுக்கே வருகிறது. எலும்புத் தூளிலும் மீன் தூளிலும் உள்ள பாஸ்பரஸை விடுவிக்க அமிலம் வேண்டும், கெண்டைக்கு அது இல்லை. ட்ரை கால்சியம் பாஸ்பேட்டில் சுமார் 13 சதவீதம்தான் கெண்டைக்குச் சேரும், டை கால்சியம் பாஸ்பேட்டில் 46ஐ ஒட்டி, மோனோ கால்சியம் பாஸ்பேட்டில் 90க்கு மேல். மாட்டுக் கலவையில் பெரும்பாலும் இருப்பது டை கால்சியம். எனவே லேபிளில் மோனோ என்று இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் சேராத பாஸ்பரஸ் பாசிக்குத்தான் போகும்.

எண்ணெயில் ஒரு விஷயம் கடைக்காரர்கள் சொல்வதில்லை. கெண்டைக் குஞ்சுக்கு லினோலியிக், லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் தீவனத்தில் ஒவ்வொரு சதவீதம் வேண்டும். கடலையிலும் தவிட்டிலும் முதலாவது வேண்டிய அளவு உண்டு, இரண்டாவது கிட்டத்தட்ட இல்லை. தொட்டி வளர்ப்பில் கிலோ தீவனத்துக்கு 20 கிராம் ஆளிவிதை எண்ணெய் பிசறினால் அந்தக் குறை தீரும். கடல் மீன் குஞ்சுக்குத் தேவையான விலை உயர்ந்த மீன் எண்ணெய்ப் பால்மம் நன்னீர்க் கெண்டைக்குக் கட்டாயமில்லை. இதோடு சோயா லெசித்தின் கிலோவுக்கு 20 கிராம் சேர்ப்பது தொட்டிக் குஞ்சுக்கு உண்மையிலேயே பலன் தரும். கொழுப்பை உடம்புக்குள் எடுத்துச் செல்லத் தேவையான பாஸ்போலிப்பிடைக் குஞ்சு தானே போதிய அளவு தயாரிக்க முடியாது. லெசித்தினை வெதுவெதுப்பான எண்ணெயில் கரைத்துப் பிசறி, அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். டப்பாக்களில் எங்கள் முதல் வாக்கு இதற்கும் ஆளிவிதை எண்ணெய்க்கும்.

புரோபயாட்டிக்: பாசில்லஸ் வகை என்றால் யோசிக்கலாம். வித்து வடிவில் இருப்பதால் கடை அலமாரியின் சூட்டைத் தாங்கும். லாக்டோபாசில்லஸ் தாங்காது. கோடைக்காலத்துக் கடையில் மாதக்கணக்கில் நின்ற டப்பாவில் உயிரோடு எவ்வளவு மிச்சம் என்பது சந்தேகம். வெல்லம் கலந்து ஊறவைத்து ஊற்றுவதானால் காலை ஒன்பது மணிக்கு மேல்தான். சாயங்காலம் ஊற்றினால் அந்தக் கிருமிகளும் ஆக்சிஜனை இழுத்து, விடியலில் குஞ்சு மேலே வந்து வாய் பிளக்கும். பிளீச்சிங் பவுடரோ பெர்மாங்கனேட்டோ போட்ட தண்ணீரில் போட்டால் காசு கரைந்ததுதான். அழுகிய அடிமண்ணையும் அளவுக்கு மீறிய தீனியையும் இது சரிசெய்யாது. வளர்ச்சி இரட்டிப்பு என்று அச்சடித்திருப்பதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பைருலினா, 55 முதல் 65 சதவீதப் புரதம், நல்ல நுண்மை, நிறம். வண்ணமீனுக்கு வாங்கலாம், கறிமீனுக்குத் தேவையில்லை. லிவர் டானிக், வேண்டாம். பெயர் தெரியாத மஞ்சள் நிறப் பொடியைச் சாவு நிற்க மருந்து என்று கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நைட்ரோஃப்யூரான், குளோராம்பெனிகால் வகைகள் மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. திலேப்பியாவை ஆணாக்கும் ஹார்மோனை "வளர்ச்சி ஊக்கி" என்று கெண்டைக்குத் தள்ளிவிடுவதும் இதே ரகம்.

பலனைப் பார்ப்பது எப்படி

தீனி போட்ட அரை மணியில் பத்துக் குஞ்சை வெள்ளைத் தட்டில் எடுத்தால் குடல் ஒரு கோடாகத் தெரியும். புண்ணாக்கு நிறமோ மிதவை உயிரியின் பழுப்போ நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு வெறும் குடல் என்றால் துகள் பெரிது, அல்லது தெளித்த இடம் தவறு. பதினைந்து முதல் இருபது நாளில் 20 முதல் 25 மில்லிமீட்டர் வர வேண்டும். எல்லாம் சிறிதாக இருந்தால் தீனிப் பற்றாக்குறை. ஒரு கூட்டம் பெரிதும் ஒரு கூட்டம் சிறிதுமாக இருந்தால் சமமாகத் தெளிக்கவில்லை, அல்லது துகள் ஒரே சீராக இல்லை. முதுகு கோணினால் வைட்டமின் சியையும் பாஸ்பரஸையும் பார்க்க வேண்டும். வயிறு உப்பி, உடம்பில் சிறு காற்றுக் குமிழ்கள் தெரிந்து, மத்தியான வெயிலில் மேலே மிதந்தால் தீவனத்தில் குற்றமில்லை. பாசி அதிகமாகித் தண்ணீரில் ஆக்சிஜன் அளவுக்கு மீறிவிட்டது. உரத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் விட வேண்டும்.

மிச்சத் தீனி அழுகி வரும் அம்மோனியா விஷயத்தில் இந்தப் பகுதித் தண்ணீர் கொஞ்சமும் இரக்கம் காட்டாது. 30 டிகிரியில் கார அமிலக் குறியீடு 7.5 என்றால் மொத்த அம்மோனியாவில் இரண்டரை சதவீதம்தான் நஞ்சு வடிவில் இருக்கும். 8.5 ஆனால் சுமார் 20 சதவீதம். வேறு ஊரில் தாங்கும் மிச்சத் தீனி இங்கே கொல்லும். புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு ஊறி 9ஐயும் தாண்டும், பல முறை நிரப்பி வடித்த பிறகே குஞ்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை உப்புக்குச் சோதிக்காமல் தீவனத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஐந்து சென்ட், ஒரு லட்சம் குஞ்சு, பதினைந்து நாள் என்றால் தீனிக்குப் புண்ணாக்கும் தவிடும் ஏழேழு கிலோ, உரத்துக்குத் தனியாகப் புண்ணாக்கு 15 கிலோ. அதற்குமேல் மூட்டையாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். வாங்கியதைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்க வேண்டும். தவிட்டைப் பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்தால் வியர்த்துவிடும், சாக்கே நல்லது. மிஞ்சிய புண்ணாக்கில் பூஞ்சை தெரிந்தால் கறவை மாட்டுக்கும் போடக் கூடாது, அந்த நஞ்சு பாலில் இறங்கும்.